அளவு சொல்லாமல் போர்வை கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் தொடங்கினாலும், எங்காவது வெள்ளமோ தீயோ வந்தாலும், "போர்வைகள் வரவேற்கப்படுகின்றன" என்று ஒரு வரி செய்தித்தாள்களில் வந்துவிடும். நல்ல வரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. யாருக்குப் போகிறது, எந்த அளவு வேண்டும், அங்கே எப்படித் துவைப்பார்கள் என்ற மூன்றும் தெரியாமல் தைத்த ஒட்டுப்போர்வை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கியவரின் அலமாரியில் மடித்தபடியே கிடக்கும். தைத்தவர்கள் மனமாரக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மேலே துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சடுக்கு, கீழே அடித்துணி என மூன்றடுக்காக இருக்கும், குயில்ட் எனப்படும் இந்த ஒட்டுப்போர்வையைக் கூட்டமாகச் சேர்ந்து தைத்துக் கொடுப்பவர்கள் என்ற முறையில் சில விஷயங்களை விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் தையல் நுணுக்கங்களை வெட்டிவிடுங்கள்; அளவு பற்றிய பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

முதலில் யாருக்கு என்பது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 60 அங்குல நீளத்தில் கொடுத்தால் தொங்கும் நுனி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். 36-க்கு 42 அங்குலம் இருந்தால் மடியையும் முழங்காலையும் மூடும், தரையைத் தொடாது. அடித்துணி வழவழப்பாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நழுவும். குனிந்து எடுக்க முடியாதவருக்குத்தான் அதைக் கொடுத்திருக்கிறோம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. அடியில் ஃபிளானல் என்ற மெத்தென்ற துணியைப் போட்டால் அவ்வளவு எளிதில் நழுவாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வாசனை பெரிய தொந்தரவு. வாசனை சோப்பு, பீரோவில் போட்ட பூச்சி உருண்டை, சிகரெட் புகை எல்லாம் பஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஒரு துவைப்பில் போகாது. அவர்களுக்குப் போகும் துணி எந்த வீட்டில் எப்படி இருந்தது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஞாபக மறதி நோய் உள்ளவர்களுக்கு ஜிப், பெரிய பொத்தான், பாக்கெட், நாடா எல்லாம் வைத்து 20-க்கு 24 அங்குலத்தில் ஒரு சின்ன விரிப்பு தைப்பதுண்டு. கை சும்மா இராமல் எதையாவது நெருடிக்கொண்டிருக்க அது உதவும். ஆனால் அந்தப் பொத்தான் இழுத்தால் வராதபடி தைத்திருக்க வேண்டும், அதை வாயில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

குழந்தைகளுக்கான போர்வையில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் உட்படப் பலரும் சொல்லும் விதி. முகத்தில் மூடிக்கொண்டால் விலக்கத் தெரியாத வயது அது. தொட்டிலில் மெத்தையும் இறுக்கமான விரிப்பும் போதும். ஆகவே கைக்குழந்தைக்குத் தைத்தால், 36 அங்குலச் சதுரமாகத் தைத்து, "விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட" என்று சீட்டில் எழுதியே தைத்துவிட வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டர் மேல் போடும் உறை வேறு. வெளிச்சம் உள்ளே போகாமலிருக்க ஒரு பக்கம் அடர்நிறமாக இருக்கும். அதன் அளவை அந்த மருத்துவமனை வார்டில் கேட்காமல் வெட்டவே கூடாது.

இப்படிக் கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய குயில்ட்ஸ் ஆஃப் வேலர் என்ற அமைப்பு, ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்குத் தரும் போர்வை 55-க்கு 65 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 72-க்கு 90-ஐத் தாண்டக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. கொடுக்கிறவர் மனம் புண்படும் என்று அவர்கள் பயப்படவில்லை.

அடுத்தது துவைப்பு. விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நல்ல சூடான வெந்நீர் மிஷினில் போட்டு, சூடான டிரையரில் உலர்த்துவார்கள். கையால் துவைக்கும் வீட்டுக்குப் போகிறதென்றால் பிரச்சினை வேறு. உள்ளே பழைய கம்பளியை வைத்துத் தைத்த போர்வை தண்ணீர் குடித்த பிறகு ஒருவரால் தூக்க முடியாது, இரண்டு நாள் ஆனாலும் நடுப்பகுதி காயாது, நாறும். "பஞ்சு வாங்குவானேன், பழைய கம்பளி இருக்கிறதே" என்ற சிக்கனம் இங்கே செல்லாது. பாலியஸ்டர் பஞ்சடுக்கு லேசானது, சீக்கிரம் காயும், சுருங்காது. பருத்திப் பஞ்சடுக்கு உடம்புக்கு இதம், ஆனால் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியஸ்டர் கலந்தது தானப் போர்வைக்கு நடுவாந்தரமாக ஒத்துவரும்.

நன்கொடையாக வரும் துணி மூட்டையைப் பிரித்ததும் முதல் வேலை தரம் பிரிப்பது. பனியன் துணி, பட்டு, வெல்வெட், ஜரிகை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்; இழுபடும் துணியையும் இழுபடாத துணியையும் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே தையல் வாய் பிளக்கும். பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஒரு விரல் அகலத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். சிவப்பு, கருநீலம், கறுப்பு இவை மூன்றும் சாயம் விடும் பேர்வழிகள். ஒரு கண்ணாடி டம்ளரில் சூடான சோப்புத் தண்ணீர் ஊற்றித் துண்டை அரை மணி நேரம் ஊறவைத்தால் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். நிறம் இறங்கினால் மறுபடி துவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால், அது எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் வேண்டாம். வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் அது ஒன்று இருந்தால் முழுப் போர்வையும் பாழ். துணியை முன்கூட்டியே துவைப்பதா வேண்டாமா என்ற வாக்குவாதம் எல்லாக் குழுவிலும் உண்டு. துவைத்தால் எல்லாவற்றையும் துவையுங்கள், இல்லையேல் எதையும் துவைக்காதீர்கள். ஒரு போர்வையில் இரண்டும் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றொன்று அப்படியே நிற்கும், மேற்பரப்பு வாடிய இலை மாதிரி ஆகிவிடும். பல வீடுகளிலிருந்து துணி வருகிற குழுவுக்கு எல்லாவற்றையும் துவைப்பதுதான் ஒரே வழி.

இனி ஒரு போர்வைக் கணக்கு. 45-க்கு 60 அங்குலம், வளர்ந்த பிள்ளைகளுக்கும் சாய்வு நாற்காலியில் இருக்கும் பெரியவர்களுக்கும் பொதுவாக உதவும் அளவு. தைத்தபின் 5 அங்குலம் நிற்கும் சதுரம் வேண்டும், ஆகவே வெட்டுவது 5½ அங்குலம். குறுக்கே 9, நெடுக்கே 12, மொத்தம் 108 சதுரம். 44 அங்குலப் பன்னத் துணியில், அதாவது 44 அங்குல அகலத் துணியில், கரையைக் கழித்தால் 42 தேறும். 5½ அங்குலப் பட்டை ஒன்றில் 7 சதுரம் கிடைக்கும். 16 பட்டை, அதாவது 88 அங்குலம். பல நிறங்களாகச் சேர்த்து இரண்டரை மீட்டர் எடுத்துக்கொண்டால் போதும். அடித்துணி நான்கு புறமும் 4 அங்குலம் கூடுதலாக, 53-க்கு 68 வேண்டும். பன்னம் போதாது, நடுவில் ஒரு மூட்டு வரும். 53 அங்குலத் துண்டு இரண்டு, சுருக்கத்தையும் சேர்த்து 3 மீட்டர். ஓரப்பட்டிக்குச் சுற்றளவு 210 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் ஒரு 12 சேர்த்து 222. இரண்டரை அங்குல அகலத்தில் 6 பட்டை, 40 சென்டிமீட்டர் துணி.

இந்தக் கணக்கெல்லாம் நிற்பதும் விழுவதும் ஒரு கால் அங்குலத்தில். இரண்டு சதுரத்தைச் சேர்க்கும்போது தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். ஒருவர் அதைவிட அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தையலில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். 9 சதுர வரிசையில் 8 தையல், ஆக முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போகும். அடுத்தவர் தைத்த வரிசை 45½ இருக்கும், இவருடையது 44½ இருக்கும். இரண்டையும் இணைக்க உட்காரும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும், இருவருமே "நான் கால் அங்குலம்தான் பிடித்தேன்" என்பார்கள். அதனால் கூடிய அன்றே, வேலை தொடங்கும் முன், எல்லாரும் அவரவர் மிஷினில் மூன்று சதுரம் தைத்து இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். மொத்தம் 15½ அங்குலம், நடுச்சதுரம் சரியாக 5. குறைந்தால் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளடக்கிப் பிடியுங்கள். தச்சர் சொல்லும் நூல் அல்ல, துணியின் ஒரே ஒரு இழை. மடிப்பில் துணியின் தடிமன் விழுங்குவது அவ்வளவுதான். பிறகு ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில் மிஷின் தட்டில் ஒரு ஒட்டுநாடா ஒட்டிவிட்டால் புதிதாக வந்தவர் தைத்தாலும் பிசகாது.

ஒரே அளவு என்பதற்கு எவ்வளவு பலம் என்பதை எய்ட்ஸ் நினைவு ஒட்டுப்போர்வையில் பார்க்கலாம். 1987 அக்டோபரில் வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் முதல்முறையாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாகத் தைத்தவை, ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். துணி எதுவானாலும், தைத்தவர் யாரானாலும், அளவு மட்டும் மாறக் கூடாது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் தைத்தது பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இன்று அது ஏறத்தாழ 50,000 துண்டுகள், 54 டன் எடை.

சிறு குழுவுக்கும் இதே முறை ஒத்துவரும். 12 வரிசை, 12 பேர், ஆளுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையின் இடது ஓரச் சதுரத்திலும் எண் எழுதிய காகிதத்தைக் குத்திவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வரிசையைத் தலைகீழாக்கி இணைத்து, நிற அமைப்பே கலைந்துவிடும். ஒற்றைப்படை வரிசையில் தையல் மடிப்பை இடப்பக்கமும், இரட்டைப்படையில் வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் இரண்டு வரிசை சேரும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டாற்போல் பொருந்தி, மூலைகள் நேராக நிற்கும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும். வரிசை கால் அங்குலம் வரை குறைந்தால் குண்டூசி குத்தி நெகிழ்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் மூன்று தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துவிட்டு மறுபக்க நூலை இழுத்தால் முழுசாக வந்துவிடும். பிரிக்கும் வேலையைத் தைத்தவரிடமே கொடுக்காமல் வேறொருவர் பேச்சோடு பேச்சாகச் செய்துவிடுவது நல்லது. சோதனையை வரிசைக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். போர்வை முடிந்தபின் குறை சொன்னால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

மூன்று மிஷினுக்கு ஒரு இஸ்திரி மேசை போதும். வெட்டுவதை இரண்டு பேரிடம் மட்டும் விடுங்கள், ஒரே அளவுகோலில். இரண்டு கம்பெனி அளவுகோல்கள் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். வெட்டும் மேசை இடுப்பு உயரம் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை உயரத்தில் குனிந்து 108 சதுரம் வெட்டியவருக்கு மறுநாள் முதுகு சொல்லும்.

தைக்கத் தெரியாதவர்களுக்கு வேலை இல்லை என்று நினைத்துத்தான் பல குழுக்கள் சுருங்கிப்போகின்றன. சதுரங்களை மேசையில் பரப்பி நிறம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிடத் தோதானவர்கள் இல்லை. பார்வை மங்கியவர்களுக்கு முன்கூட்டியே இருபது ஊசியில் நூல் கோத்து ஊசிப் பஞ்சில் குத்திக் கொடுத்தால் அவர்கள் கை தானாக ஓடும். அந்த நூல் கோக்கும் வேலைக்கு மொழிகூடத் தெரிய வேண்டாம், ஊருக்குப் புதிதாக வந்தவரை அதில் உட்கார வைக்கலாம். முதியோர் இல்லத்துக்குத் தைக்கிறீர்களா? அங்கே இருப்பவர்களையும் அழையுங்கள். வாங்குபவர்கள் என்று ஒரு பக்கம் நிறுத்தாதீர்கள். அவர்களில் பலருக்கு நம்மைவிட நன்றாகத் தைக்கத் தெரியும்.

கூட்டம் உண்மையில் பேசிப் பழகுவது மூன்றடுக்கையும் சேர்க்கும் நாளில்தான். மிஷின் ஓடும்போது ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது. அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு விரித்து, நான்கு புறமும் நாடாவால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், முரசுத்தோல் மாதிரி இழுக்க வேண்டாம். இழுத்து ஒட்டியது நாடாவை எடுத்ததும் சுருண்டுகொள்ளும். அதன்மேல் பஞ்சடுக்கு, அதன்மேல் ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கைப்பிடி அகலத்துக்கு, அதாவது 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். ஏறத்தாழ 165 ஊக்கு ஆகும். எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள். 164 வந்தால் ஒருவரும் எழுந்து போகக் கூடாது; அந்த ஒன்று நோயாளியின் முதுகுக்கடியில் போய் நிற்கும். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்ப்பதும் வழக்கம்.

பிறகு மிஷின் தையலா, முடிச்சா? முடிச்சு போடுவதைத் தாழ்ந்த வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் கருத்து வேறு. ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே மாலையில் முடிக்கலாம், மிஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். உள்சதுர மூலைகள் 8-க்கு 11, ஆக 88 முடிச்சு. ஆறிழை எம்பிராய்டரி நூல் அல்லது கெட்டியான குரோஷா நூல். மூன்றடுக்கையும் குத்தி இறங்கி, கால் அங்குலம் தள்ளி மேலே வந்து, முதலில் வலது நுனியை இடதின் மேல், அடுத்து இடது நுனியை வலதின் மேல் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் அந்த முடிச்சு துவைக்கத் துவைக்க அவிழும். பிரச்சினை எப்போதும் இங்கேதான். நுனியை முக்கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள், ஒட்ட வெட்டினால் உருவிக்கொள்ளும். ஆனால் கைக்குழந்தைக்கான விரிப்பில் முடிச்சே வேண்டாம், நுனி நேராக வாய்க்குப் போகும். இடைவெளி எவ்வளவு விடலாம் என்பது பஞ்சடுக்கு உறையிலேயே அச்சிட்டிருக்கும். 4 அங்குலம் என்று போட்டிருந்தால் 5 அங்குல மூலைகள் போதாது, சதுரத்தின் நடுவிலும் ஒரு முடிச்சு வேண்டும். இதைப் படிக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் பஞ்சு திரண்டு மூலைக்கு ஓடிவிடும்.

மிஷினில் தைப்பதானால் 14-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர், மூன்றடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற மிஷின் பாதம். மிஷினுக்கு இடப்பக்கம் இன்னொரு மேசை போட்டு எடையைத் தாங்க வேண்டும். போர்வை தொங்கினால் கனம் துணியைப் பின்னுக்கு இழுத்து, தையல் ஒரு இடத்தில் நெருங்கும், ஒரு இடத்தில் அகலும்.

ஓரப்பட்டியைக் கையால் மடித்துத் தைப்பது பார்வைக்கு நேர்த்தி. வெந்நீர் மிஷினுக்குப் போகிற போர்வைக்கு அந்த நேர்த்தி வேண்டாம். இரண்டு பக்கமும் மிஷினில் ஓட்டிவிடுங்கள். தானப் போர்வையில் முதலில் கிழிவது ஓரம்தான், அதுவும் மூலையில்.

கடைசியில் ஒரு துவைப்பு, வாசனையில்லாத சோப்பில். நம்மிடம் பிரியாவிட்டால்தான் அங்கே பிரியாது. பின்மூலையில் அழியாத மையில் எழுதிய துணிச் சீட்டு: என்ன பஞ்சு, எந்தச் சூட்டில் துவைக்கலாம், எந்த ஆண்டு தைத்தது. கொடுத்தவர் பெயரைப் பெரிதாகப் போட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் வீடிழந்த பிரிட்டன் குடும்பங்களுக்குக் கனடாவிலிருந்து ஏராளமான ஒட்டுப்போர்வைகள் போயின. அவற்றில் இருந்ததெல்லாம் கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்ற சின்னச் சீட்டுதான். தைத்த பெண்களில் பெரும்பாலோர் யாரென்று தெரியாது. போர்வைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். போர்வையைக் கொடுக்கும்போது வாங்குபவர் முகம் தெரியும்படி எடுத்த படங்களை வெளியிட வேண்டாம். படம் வேண்டுமென்றால் போர்வையைப் படமெடுங்கள். அடுத்து, போர்வை கேட்டு அறிவிப்பு கொண்டுவரும் எந்த இல்லத்திடமும் யாருக்கு, என்ன அளவு, எப்படித் துவைப்பீர்கள் என்று கேட்டு வாங்கி அதையும் சேர்த்து அச்சிடுங்கள். "மடிப்போர்வை, 36-க்கு 42, ஃபிளானல் அடி, வெந்நீர் மிஷின், இருபது வேண்டும்" என்று இருந்தால் நாங்கள் அன்று மாலையே வெட்டத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஒட்டுப்போர்வை தைக்கும் குழுவினர்